அசையாத புள்ளி

கீழே மேகத்தின் மேல் இன்னொரு விமானம் எங்களோடு கூடவே வருகிறது. சின்னது. சாம்பல் நிறம். சத்தமே இல்லை. நாங்கள் திரும்பினால் அதுவும் திரும்புகிறது, நாங்கள் இறங்கினால் அது ஏறி வருகிறது. அதைப் பார்த்துத்தான் சற்று முன்னால் தலைக்கு மேலே இருந்த மணியை அழுத்தித் தொலைத்தேன். பணிப்பெண் வந்தாள், என் மகள் வயதுதான் இருக்கும், குனிந்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள், சிரிப்பு வராமலிருக்க உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டாள். "மேடம், அது நம்ம பிளைட்டோட நிழல். வெயில் அந்தப் பக்கம் அடிக்குது, நிழல் இந்தப் பக்கம் மேகத்து மேல விழுது. பாருங்க, சுத்தி வானவில் மாதிரி ஒரு வளையம்கூட இருக்கு." பக்கத்து சீட்டுக்காரரும் எட்டிப் பார்த்தார். திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு நூல் விற்கிறவராம், கோயமுத்தூரில் ஏறி உட்கார்ந்ததும் தானாகவே சொன்னார். "ஏனுங்க, மொதத் தடவைங்களா?" ஆமாங்க என்றேன். "அப்புடித்தானுங்க இருக்கும். நான் மொதத் தடவை வந்தப்ப எறக்கை ஆடுதுன்னு கத்திப்போட்டனுங்க." நல்ல மனிதர். நிழல்தான். எனக்குத் தெரியாததா? கண் ஆஸ்பத்திரியில் பார்வை பரிசோதிக்கிற வேலை எனக்கு. வெளிச்சம் எங்கே விழுகிறது, கண் எதை எதுவென்று நினைத்துக்கொள்கிறது என்பதுதான் என் பிழைப்பே. ஆனால் தெரிந்தது ஓரிடத்தில் இருக்கிறது, பயம் வேறோர் இடத்தில் இருக்கிறது, இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. கொஞ்சம் முன்னால் மேகத்தை ஒட்டி இறங்கியபோது அந்த நிழல் கிடுகிடுவென்று பெரிதாயிற்று, இறக்கை தெரிந்தது, வால் தெரிந்தது, ஆவலோடு வருவதுபோல நேரே என்னை நோக்கி வந்தது, நான் முன் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டேன், அது எங்களுக்குள் நுழைந்தது. அவ்வளவுதான். ஜன்னல் முழுக்க வெள்ளை. பிறகு மேகத்தை விட்டு மேலே வந்ததும் எங்கள் வயிற்றிலிருந்து பிரிந்து, கீழே போய், சின்னதாகி, மறுபடியும் கூடவே வர ஆரம்பித்தது. நூல்காரர் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து என் பக்கம் நீட்டினார்.

ஒலிபெருக்கி கரகரக்கிறது. "பயணிகளுக்கு வணக்கம். விமானி அறையிலிருந்து கார்குழலி பேசுகிறேன். சென்னைக்கு மேல் மழை மேகம் நிற்பதால் நம் முறை வரும்வரை சிறிது நேரம் வட்டமிட்டுக் காத்திருப்போம். நாம் பறக்கும் இடத்தில் வானம் தெளிவாக இருக்கிறது. கவலைப்பட ஒன்றுமில்லை." குழலி. என் குழலி. வீட்டில் பேசுகிற குரல் இல்லை இது, இஸ்திரி போட்ட குரல். "பொம்பளப் புள்ள ஓட்டுதுங்களாட்ட இருக்குது" என்கிறார் நூல்காரர், தப்பாக இல்லை, ஆச்சரியமாக. என் மகள்தான் என்று சொல்ல வாய் வரை வந்து நின்றுவிட்டது. சொன்னால் ஏதாவது ஆகிவிடும். என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. ஆனாலும் சொல்லவில்லை. ஏறும்போது வாசலில் நின்று எனக்குக் கை கூப்பினாள், மற்றவர்களுக்குக் கூப்புவதுபோலவே, கண்ணில் மட்டும் ஒரு சிரிப்பு. போன மாதம் போனில் ஒரே பிடிவாதம். "நான் ஓட்டற பிளேன்ல நீ ஒருதரம் வந்தாகோணும்மா. நான் எந்நேரம் ஏறுறேன், எந்நேரம் எறங்கறேன்னு மொட்டை மாடியில நின்னு ஆகாசத்தையே பாத்துட்டு இருக்காத. ஒருதரம் மேல வந்து பாரு. இங்க ஒண்ணுமே இல்லம்மா. வெறும் எடம்." வெறும் இடம். அதைத்தான் நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன் கண்ணு, வெறும் இடத்தைத்தான். நாம் பறக்கும் இடத்தில் வானம் தெளிவாக இருக்கிறது. அதை எதற்குச் சொன்னாய்? மழை என்றால் எல்லோரும் பயப்படுவார்கள், தெளிவு என்றால் தைரியம் வரும் என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். உனக்குமா மறந்துபோயிற்று? அன்றைக்கும் வானம் தெளிவாகத்தான் இருந்தது. அன்றைக்கு வானத்தில் ஒரு துணுக்கு மேகம் கிடையாது. விமானமும் விமானமும் மோதிக்கொள்வதெல்லாம் பெரும்பாலும் நல்ல வெயிலில்தான், பட்டப்பகலில்தான், எல்லோரும் வந்து இறங்குகிற இடத்துக்குப் பக்கத்தில்தான் என்று விசாரணைக்கு வந்த அதிகாரி என்னிடம் சொன்னார், ஆறுதல் சொல்வதுபோல. இருட்டில், மழையில், எல்லோரும் எச்சரிக்கையாக இருப்பார்களாம். வெளிச்சத்தில்தான் நம்புவார்களாம், கண்ணை.

விமானம் திரும்புகிறது. வெயில் என் பக்கம் வந்து மடியில் விழுகிறது, நிழல் அந்தப் பக்கத்து ஜன்னலுக்குப் போய்விட்டது. போகட்டும். பாதிப் பேர் தூங்குகிறார்கள், வாய் திறந்து, கழுத்து சாய்ந்து. வெயில் வரிசை வரிசையாக அவர்கள் முகங்களின் மேல் நகர்ந்துபோகிறது, ஒருவரும் கண் திறப்பதில்லை. முன் வரிசையில் ஒரு குழந்தை அழுது ஓய்ந்துவிட்டது. இத்தனை பேரையும் சுமந்துகொண்டு என் குழலி அந்தக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். அவள் அப்பாவின் தோள் அவளுக்கு, அகலத் தோள். அவர் சின்ன விமானத்தில் பையன்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார், ஊருக்கு வெளியே, இரண்டு கொட்டகையும் ஒரு ஓடுபாதையும் இருந்த ஒரு பயிற்சிப் பள்ளியில். சிகாமணி சார் என்றால் பையன்களுக்கு உயிர். வீட்டிலும் வாத்தியார்தான். காரில் போகும்போது சும்மா வரமாட்டார். பெருந்துறை தாண்டி ஒரு தடவை, காட்டுப் பாதை ஒன்று வந்து ரோட்டில் சேருகிற இடம், பக்கவாட்டில் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. "அம்மிணி, அந்த லாரி நம்ம மேல மோதுமா மோதாதா, சொல்லு பாக்கலாம்." எனக்கெப்படித் தெரியும் என்றேன். "கண்ணாடியில ஒரு எடத்துல அதப் பாத்து வெச்சுக்கோ. அது முன்னாடி நகந்துட்டே போச்சுன்னா, நமக்கு முன்னாடி தாண்டிப் போயிரும். பின்னாடி நகந்துச்சுன்னா, நாம அதைத் தாண்டிப் போயிருவோம். நகராம அதே எடத்துல நின்னுட்டு, பெருசாகிட்டே மட்டும் வந்துச்சுன்னு வை, அதுதான் மோதறது." லாரி கண்ணாடியில் நின்ற இடத்திலேயே நின்றது. அவர் சிரித்தபடி பிரேக்கை மிதித்தார். லாரி எங்கள் முன்னால் புழுதியோடு போயிற்று. பின் சீட்டில் குழலி கைதட்டினாள். அன்றிலிருந்து எனக்கு அசைகிற எதைப் பார்த்தும் பயமில்லை. பறக்கிற கொக்கு, ஓடுகிற மேகம், பாய்கிற பஸ், எல்லாம் போகட்டும். நிற்பதுதான் ஆகாது. நமக்கென்று வருவது ஆடாமல் அசையாமல் வருகிறது. அசைகிறதைத்தான் கண் சட்டென்று பிடிக்கும், நிற்பதைக் கண் விட்டுவிடும், இது நான் படித்தது. இரண்டையும் சேர்த்து வைத்தால் என்ன ஆகிறது என்று நான் அதற்கப்புறம் எத்தனையோ தடவை யோசித்து, யோசனையைப் பாதியில் நிறுத்தியிருக்கிறேன்.

நிறுத்தினால் நிற்கிறதா? ஒரு கல்யாண வரவேற்புக்குப் போகவேண்டியிருந்தது, நான் ஸ்கூட்டரில் குழலியைப் பின்னால் வைத்துக்கொண்டு அவரைக் கூப்பிட வந்திருந்தேன், வேலி ஓரம் வேப்ப நிழலில் வண்டியை நிறுத்தினேன், சாயங்கால வெயில் மஞ்சளாக இருந்தது, பட்டுப்பாவாடை குத்துகிறது என்று குழலி முனகிக்கொண்டிருந்தாள். பதிமூன்று வயது. மேற்கே இருந்து அவருடைய விமானம் வந்துகொண்டிருந்தது, அதன் மஞ்சள் வால் எனக்கு எங்கிருந்தாலும் தெரியும். அதற்கு மேலே இன்னொன்று. நேர் மேலே. முதலில் எனக்கு அழகாக இருந்தது. அதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை, முதலில் அழகாக இருந்தது, ஒன்றின் மேல் ஒன்றாக, ஒரே வேகத்தில், ஒரே சாய்வில், கயிற்றில் கட்டி இறக்குவதுபோல இரண்டும் இறங்கி வந்தன. குழலிதான் சொன்னாள். "அப்பா மேல இன்னொண்ணு வருதும்மா." அவருடைய விமானத்துக்கு இறக்கை தலைக்கு மேலே, கூரை மாதிரி, மேலே இருப்பது தெரியாது. மற்றதற்கு இறக்கை காலுக்குக் கீழே. கீழே இருப்பது தெரியாது. இரண்டு பேரும் இறங்குகிறோம் என்று ரேடியோவில் சொல்லியிருக்கிறார்கள், ஒரே நொடியில் சொல்லியிருக்கிறார்கள், இரண்டு பேர் ஒன்றாகப் பேசினால் ஒருவர் பேச்சும் யாருக்கும் கேட்காதாம், ஒரு கீச்சொலி மட்டும் கேட்குமாம். ஆக மேலே இருந்த நான்கு பேருக்கும் தங்களைத் தவிர வானத்தில் யாரும் இல்லை. கீழே இருந்த எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. கொட்டகை வாசலில் நின்ற மெக்கானிக்குக்குத் தெரிந்தது, கேட்டுக்காரருக்குத் தெரிந்தது, ரோட்டில் ஆடு ஓட்டிக்கொண்டு போனவர் நின்று கையை நெற்றிக்கு மேல் வைத்துப் பார்த்தார், அவருக்குத் தெரிந்தது. கையை ஆட்டினேன். கத்தினேன். பிறகு ஸ்கூட்டர் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டேன், விடவே இல்லை, அந்தச் சின்ன ஹாரன், ஆட்டுக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம். மேலே இருந்தது அவசரமே இல்லாமல், கோழி அடைக்கு உட்காருவதுபோல, மெல்ல வந்து அவர் மேல் உட்கார்ந்தது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. கட்டில் சட்டம் முறிந்ததுபோல ஒன்று. அதற்குப் பின்னாலும் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது, குழலிதான் என் விரலைப் பிரித்தாள். அவள் அன்றைக்கு அழவில்லை, மறுநாளும் அழவில்லை. கேள்விதான் கேட்டாள். "நமக்குத் தெரிஞ்சுதே, அவங்களுக்கு ஏம்மா தெரியல?" வருஷக்கணக்காகக் கேட்டாள், சாப்பிடும்போது, தலை பின்னும்போது. கடைசியில் கேட்பதை நிறுத்திவிட்டு, விமானம் ஓட்டப் படிக்கப் போகிறேன் என்றாள். நான் எட்டு மாதம் அவளோடு பேசவில்லை.

"எடுத்துக்கங்க, வீட்டுல சுட்டதுங்க" என்கிறார் நூல்காரர். முறுக்கு வாயில் மணலாக இருக்கிறது. "உங்குளுக்கு ஊரு கோயமுத்தூருங்களா? சென்னையில ஆரு இருக்கறாங்க?" மகள் இருக்கிறாள் என்கிறேன். "என்ன பண்றாங்க?" வேலைக்குப் போகிறாள் என்கிறேன். தலையை ஆட்டிக்கொள்கிறார். கேள்வி கேட்க ஆள் இருப்பது நல்லதாக இருக்கிறது, காதுக்குள் இருக்கிற இந்த ஒரே மாதிரியான இரைச்சல் கொஞ்சம் தள்ளி நிற்கிறது. ஆனால் அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்குகிறவர்களில் ஒருவராகிவிட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்புகிறேன். நீலம். தூசு இல்லாத நீலம், பார்க்கப் பார்க்க எவ்வளவு தூரம் என்று தெரியாமல் போகிற நீலம், பிடித்து நிற்க எதுவும் இல்லாததால் கண் தன்னையறியாமல் கிட்டத்திலேயே பார்வையை வைத்துக்கொள்கிறது, வெறும் ஆகாயத்தைப் பார்க்கிற எல்லோருக்கும் இப்படித்தான், கையெட்டும் தூரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள், தூரத்தைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு. பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் ஒரு கண்ணைப் பொத்தச் சொல்லி இன்னொரு கண்ணுக்கு முன்னால் சிவப்புத் தலை ஊசியை மெதுவாக நகர்த்துவேன். ஓரிடத்தில் ஊசித் தலை காணாமல் போய்விடும். எல்லோருக்கும் போகும். கண்ணில் அந்த இடம் குருடு. "ஓட்டை மாதிரி கருப்பா தெரியுதுங்களா?" என்று கேட்பேன். இல்லை என்பார்கள். கருப்பாகத் தெரியாது. சுற்றி என்ன நிறமோ அதையே எடுத்து மூளை அந்த இடத்தில் பூசிவிடும். வெள்ளைச் சுவர் என்றால் வெள்ளை. நீல ஆகாயம் என்றால் நீலம். அங்கே ஏதோ ஒன்றின் மேல் நீலத்தைப் பூசிவிட்டு, ஒன்றுமில்லை, வெறும் இடம் என்று நமக்கே சொல்லும். குழலி, நீ சொன்னாயே, வெறும் இடம் என்று.

அங்கே ஒரு புள்ளி இருக்கிறது.

இறக்கை நுனிக்குக் கொஞ்சம் மேலே. கடுகு மாதிரி. கண்ணாடியில் கீறலாக இருக்கும். தலையை நகர்த்திப் பார்க்கிறேன், கீறலென்றால் தலைக்கு எதிராக நகர வேண்டும், பக்கத்தில் ஒரு கீறல் அப்படி நகர்கிறது, புள்ளி நகரவில்லை. கண்ணுக்குள் மிதக்கிற பூச்சியாக இருக்கும், என் வயதில் எல்லோருக்கும் வருவதுதான், தினம் பத்துப் பேருக்கு நானே சொல்கிறேன். கண்ணை மேலும் கீழும் சுழற்றுகிறேன். பூச்சியென்றால் கூடவே நீந்த வேண்டும். நீந்தவில்லை. வலக்கண்ணைப் பொத்துகிறேன், இருக்கிறது. இடக்கண்ணைப் பொத்துகிறேன், இருக்கிறது. பருந்தா? இந்த உயரத்தில் ஏது பருந்து? அப்படியானால் வெளியேதான் இருக்கிறது. இருந்தால் என்ன, எங்களைப்போல இறங்கக் காத்திருக்கிற இன்னொரு விமானம், ஒவ்வொன்றும் ஒரு உயரத்தில், மாடி மாடியாகச் சுற்றும், யாரும் யார் மாடிக்கும் வரமாட்டார்கள், குழலி வரைந்து காட்டியிருக்கிறாள். நகரும். இப்போது நகரும். இறக்கை நுனியையும் புள்ளியையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். நகரவில்லை. கடுகு மிளகாகிவிட்டது. அந்தப் பணிப்பெண்ணின் உதடு ஞாபகம் வருகிறது. ஒரு தடவை நிழலுக்கு மணி அடித்தாயிற்று. இரண்டாவது தடவை அடித்தால் இந்த அம்மாளுக்குத் தலையில் ஏதோ கோளாறு என்பாள், குழலியின் காதுக்குப் போகும், அம்மா இன்னும் அப்படியேதான் இருக்கிறாள் என்று அவள் அங்கே உட்கார்ந்து கலங்குவாள், கலங்கக் கூடாது, இப்போது அவள் கலங்கவே கூடாது. நான் பார்ப்பதெல்லாம் அதே ஒன்றைத்தானோ? போன வருஷம் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு டியூப்லைட்டின் மேல் இன்னொரு டியூப்லைட் இறங்கி வருவதாகத் தோன்றி நின்றுவிட்டேன். ஒரு சாவைப் பார்த்த கண் அதற்கப்புறம் வேறெதையும் பார்க்காது என்பதும் உண்டு. புள்ளிக்கு இரண்டு பக்கமும் மெல்லிய கோடு முளைத்திருக்கிறது. இறக்கை. நூல்காரரை உலுக்குகிறேன். "ஏனுங்க, அங்க பாருங்க, ஒரு பிளேன் வருதுங்களா?" அவர் தூக்கக் கலக்கத்தில் கண்ணைச் சுருக்கி, நான் காட்டிய இடத்தையே நேராகப் பார்க்கிறார். "எங்கீங்க? ஒண்ணும் காணமுங்களே. நெழலு அந்தப் பக்கம் போயிருச்சுங்க." அவர் பார்வை அதன் மேலேயே போய், அதன் மேலேயே தாண்டி, திரும்பி வந்து முறுக்குப் பொட்டலத்தில் விழுகிறது. அவருக்குத் தெரியவில்லை. நீலம் பூசியாயிற்று. நான் மணியை அழுத்துகிறேன். டிங் என்கிறது. யாரும் வரவில்லை. பணிப்பெண்கள் தங்கள் இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். மறுபடியும் அழுத்துகிறேன். டிங். எலுமிச்சை அளவு. டிங். அதன் மூக்கு தெரிகிறது, இரண்டு பக்கமும் இறக்கை சமமாகத் தெரிகிறது, சமமாக, அப்படியென்றால் அது எங்கள் முகத்துக்கு நேராக முகம் வைத்து வருகிறது, அது அவசரப்படவே இல்லை, அதற்கு எங்களை முன்பே தெரியும் என்பதுபோல நிற்கிறது, நின்றுகொண்டே வருகிறது. கடலும் மேகமும் வெயிலும் எதுவும் மாறவில்லை. இத்தனை அமைதியாகவா இருக்கும் அது? அவர் தலைக்கு மேலேயும் இத்தனை அமைதியாகத்தான் இருந்திருக்கும். அவர் பையனிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்திருப்பார், கையைத் தளத்திப் பிடி சாமி, மெதுவா, மெதுவா. குழலி, மேலே பார், இல்லை, பக்கத்தில், வலது பக்கம், குழலி, என்று நான் கத்துகிறேனா, மனசுக்குள் சொல்கிறேனா, தெரியவில்லை.

தரை என்னை எறிகிறது. அடியில் யாரோ பலகையைப் போட்டு மேலே தூக்கியதுபோல முதுகு சீட்டில் அழுந்துகிறது, கன்னம் கீழே இழுக்கிறது, எஞ்சின் அலறுகிறது, முறுக்குகள் மடியில் கொட்டுகின்றன, எங்கோ ஒரு பெண் "முருகா" என்கிறாள், குழந்தை வீறிடுகிறது, நான் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. புள்ளி நகர்ந்தது. கடைசியில் நகர்ந்தது. இறக்கை நுனியை விட்டுக் கீழே வழுக்கிற்று, வழுக்கும்போதே வீடு போல, தெரு போலப் பெரிதாகி, எங்கள் இறக்கைக்கு அடியில் ஒரு வெள்ளை முதுகு, ஒரு வால், ஒரு வரிசை ஜன்னல்கள், போயே விட்டது. ஒரு மூச்சு நேரம்கூட இல்லை. அந்த ஜன்னல்களில் ஒன்றில் ஒரு முகம் இருந்தது. ஒரு பெண், என்னைப்போல ஜன்னலோரம், என்னைத்தான் பார்த்தாள். அந்த வேகத்தில், அந்தத் தூரத்தில் முகம் தெரியாது. தெரியவே தெரியாது, வேறு யாராவது சொன்னால் நானே மறுத்துச் சொல்லுவேன். ஆனால் பார்த்தேன், வாய் கொஞ்சம் திறந்திருந்தது. விமானம் ஒரு பெருமூச்சோடு மட்டமாகிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். "ஏர் பாக்கெட்டுங்க" என்கிறார் நூல்காரர், குரல் உலர்ந்து போயிருக்கிறது. "காத்து இல்லாத எடம் வந்துச்சுன்னா இப்புடித்தான் தூக்கிப் போடுமுங்க." நெஞ்சைத் தடவிக்கொள்கிறார். ஒலிபெருக்கி கரகரக்கிறது. குழலி. "பயணிகளுக்கு... சற்று முன் ஏற்பட்ட குலுக்கலுக்கு வருந்துகிறோம். விமானம் பாதுகாப்பாக இருக்கிறது. விரைவில் தரையிறங்குவோம்." பயணிகளுக்கு என்பதற்கும் சற்று என்பதற்கும் நடுவே ஒரு மூச்சு விழுந்தது. அந்த மூச்சு எனக்குத் தெரியும். காய்ச்சலில் படுத்திருக்கும்போது அப்படித்தான் விடுவாள். அவளுக்கும் தெரியும். இந்த விமானத்தில் என்ன நடந்தது என்று அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிற இரண்டு பேருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். மற்ற எல்லோருக்கும் ஒரு குலுக்கல்.

இறங்கினோம். மழை நனைத்த தரை பளபளத்தது. விமானி அறைக் கதவு சாத்தியே இருந்தது, பணிப்பெண் என்னைப் பார்த்துக் கை கூப்பினாள், உதட்டில் நிறமே இல்லை. "மேடம், நீங்க பெல் அடிச்சீங்க" என்றாள். போனைத் திறந்ததும் குழலியின் செய்தி: பேக் வர்ற இடத்துல இரும்மா, நடந்ததை எழுதிக் குடுத்துட்டு வர்றேன். இப்போது நான் பெட்டிகள் சுற்றி வருகிற பட்டையின் பக்கத்தில் நிற்கிறேன். கால் தரையில் இருக்கிறது, ஆனால் தரை மெல்லச் சாய்ந்து திரும்புவதுபோலவே இருக்கிறது. நூல்காரர் வீட்டுக்குப் போன் பேசுகிறார், "ஒண்ணுமில்ல கண்ணு, கொஞ்சம் தூக்கிப் போட்டுச்சு, மத்தியானம் சாப்பிட்டதெல்லாம் சீரணம்" என்று சிரிக்கிறார். பக்கத்துப் பட்டையின் மேல் பலகையில் ஐதராபாத் என்று எரிகிறது. அங்கேயும் ஒரு கூட்டம் வந்து சேர்கிறது, தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, தலை கலைந்து. இரண்டு கூட்டமும் கலந்து நிற்கின்றன. ஒருவர் காலை ஒருவர் மிதித்து மன்னிப்புக் கேட்கிறார்கள். நான் முகம் முகமாகப் பார்க்கிறேன், எல்லோருக்கும் கண் இருக்கிறது, எல்லோரும் எதையோ பார்க்கிறார்கள், யாரும் யாரையும் பார்க்கவில்லை. "ஏங்க, ஐதராபாத் சாமான் இதுல வருதா, அதுல வருதா?" என்று ஒரு அம்மாள் கேட்கிறாள். என் வயது இருக்கும். சந்தன நிறப் புடவை, மடியில் பெரிய காப்பிக் கறை, இன்னும் ஈரம். ஜன்னல் முகமா? இல்லை. இருக்கலாம். கையை நீட்டிப் பக்கத்துப் பலகையைக் காட்டுகிறேன். நான் கறையைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவளே சொல்கிறாள். "இதக் கேளுங்க. மேல சுத்திக்கிட்டே இருந்தாங்களா, சரி, மருமக போட்டுக் குடுத்தத ஒரு வாய் குடிப்போம்னு பிளாஸ்க்கத் தொறந்தேன். தடால்னு கீழ போட்டான் பாருங்க, குடலே வாய்க்கு வந்துடுச்சு. யாரு ஓட்டினானோ, எங்க லைசென்ஸ் வாங்கினானோ. போன தீபாவளிக்கு எடுத்த பொடவைங்க."

குழலி வருகிறாள். வெள்ளைச் சட்டை, தோளில் பட்டைகள், தொப்பி கக்கத்தில், பெட்டியை இழுத்துக்கொண்டு. முகத்தில் ரத்தம் இல்லை. என் முன்னால் வந்து நிற்கிறாள். "பாத்தியாம்மா?" "பாத்தேன்." "கண்ட்ரோல்ல வேற பிளைட்ட எறங்கச் சொன்னதைத் தங்களுக்குன்னு நெனச்சு எங்க உயரத்துக்கு வந்துட்டாங்க." "நீதான் ஓட்டுனியா கண்ணு?" தலையை ஆட்டுகிறாள். "மோதப்போறத முன்னாடியே சொல்ற மெஷின் ஏறு, ஏறுன்னு கத்துச்சு. ஏத்திட்டேன். அப்பறந்தான் கண்ணுல பட்டுது. என் கண்ணு மொதல்ல பாக்கலம்மா. நேராத்தான் பாத்துட்டு இருந்தேன். அங்க ஒண்ணுமே இல்ல." குரல் அங்கே உடைகிறது. வருஷக்கணக்காகக் கேட்ட கேள்விக்கு இன்றைக்குப் பதில் தெரிந்துகொண்டவளின் முகம் அது. அவள் முதுகில் கை வைக்கிறேன். சட்டை வேர்த்து ஒட்டியிருக்கிறது. "அடேயப்பா, பைலட்டாம்மா நீ?" என்கிறாள் அந்த அம்மாள், சீருடையைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தபடி. "எங்க ஆளுக்குக் கொஞ்சம் சொல்லிக் குடேன். பாரு, என் பொடவைய என்ன பண்ணி வெச்சிருக்கான்னு." குழலி கறையைப் பார்க்கிறாள், பலகையில் எரிகிற ஊர்ப் பெயரைப் பார்க்கிறாள், மறுபடியும் அந்த அம்மாளைப் பார்க்கிறாள். "சாரிங்க ஆன்ட்டி" என்கிறாள். "நீ எதுக்கு சாரி சொல்றே? நீயா ஓட்டினே?" குழலி பெட்டியை விட்டுவிடுகிறாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, பதிமூன்று வயதில் அழாததையும் சேர்த்து, அத்தனை பேருக்கும் நடுவே நின்று அழுகிறாள். அந்த அம்மாள் பதறிப்போகிறாள், "ஐயோ, நான் உன்ன ஒண்ணும் சொல்லலம்மா, கண்ணத் தொடச்சுக்கோ, பொடவை போனா போகுது" என்று அவள் கன்னத்தைத் தொடுகிறாள். நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கைக்குட்டையை நனைத்து, அந்த அம்மாளின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கறையைத் தேய்க்கிறேன். "விடுங்க, நீங்க எதுக்கு, வீட்டுக்குப் போய் அலசிக்கறேன்." விடவில்லை. ஈரத் துணிக்கு அடியில் அவள் உடம்பின் சூடு என் விரலுக்குத் தெரிகிறது. கறை போகவில்லை. அவள் கூச்சத்தில் நெளிந்து சிரிக்கிறாள். நான் தேய்த்துக்கொண்டே இருக்கிறேன்.